பெரிய குவில்ட்டை முடிக்க: கைத்தையலா, வீட்டு மெஷினா, வெளியே கொடுப்பதா?

குவில்ட் என்றால் மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்த போர்வை. துணி தேர்ந்து, வெட்டி, துண்டு துண்டாக இணைத்து, மேல்துணி முழுதாகக் கையில் வந்த பிறகுதான் பலர் நின்றுவிடுகிறார்கள். மடித்து அலமாரியில் வைத்தால் அது அங்கேயே இருந்துவிடுகிறது. குழந்தைப் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு எப்படி வேண்டுமானாலும் முடித்துவிடலாம். கட்டில் அளவுக் குவில்ட்டில் அந்த வசதி கிடையாது. துணியின் கனமும் பரப்பும் சேர்ந்து வேலையின் தன்மையையே மாற்றிவிடும்.

வாசகர்களின் கேள்வியும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வருகிறது. "கையால் தைத்தால் முடியவே முடியாதுபோல இருக்கிறது. என் மெஷின் சின்னது. வெளியே கொடுத்தால் அப்புறம் அது என் வேலைதானா?" இந்த மூன்று வழிகளோடு, அதிகம் பேர் யோசிக்காத இரண்டு வழிகளையும் சேர்த்துப் பார்க்கலாம்: முடிச்சுப் போடுவது, பகுதி பகுதியாகத் தைத்து இணைப்பது. சொந்தக் கட்டிலில் விரித்து, போர்த்தி, துவைத்துப் பயன்படுத்தப்போகிற குவில்ட்டை மட்டுமே மனதில் வைத்து எழுதுகிறேன். போட்டிக்கு அனுப்புவது வேறு கணக்கு.

## எதை வைத்து அளப்பது?

முதலில் பரப்பு. மேல்துணியை விரித்து டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பேச்சுக்கு 90க்கு 100 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 60க்கு 80 அங்குல மெத்தையில் இரண்டு பக்கமும் 15 அங்குலம் தொங்குகிற அளவு இது. பரப்பு 9,000 சதுர அங்குலம். 2 அங்குலத்துக்கு ஒரு கோடு வீதம் நீளவாக்கில் தைத்தால் சுமார் 45 கோடுகள், மொத்தம் 4,500 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 114 மீட்டர் தையல். 4 அங்குலத்துக்கு ஒரு கோடு போதும் என்றால் அதில் பாதி. குறுக்கிலும் தைத்துக் கட்டம் போட்டால் இரட்டிப்பு. இந்தக் கணக்கைப் போடாமல் வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பாதியில் கைவிட்ட குவில்ட்டுகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கைப் போடாதவை என்பது என் எண்ணம்.

அடுத்தது நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு. தையல் கோடுகளுக்கு இடையே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதை அதன் உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். சிலவற்றுக்கு 3, 4 அங்குலம். சிலவற்றுக்கு 8, 10 அங்குலம் வரை. அதை மீறினால் நாலு துவைப்பில் பஞ்சு நகர்ந்து ஓரிடத்தில் கட்டியாகவும் இன்னோரிடத்தில் வெறும் துணியாகவும் ஆகிவிடும். எனவே பஞ்சு வாங்கிவிட்டு வழியை யோசிக்காமல், வழியை முடிவு செய்துவிட்டுப் பஞ்சு வாங்குவது நல்லது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சரி, உறையைத் தேடிப் பாருங்கள். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கலாம்.

மூன்றாவது உங்கள் உடம்பு. கைத்தையல் விரலையும் மணிக்கட்டையும் கண்ணையும் கேட்கும். வீட்டு மெஷின் தோளையும் கழுத்தையும் கேட்கும். மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்க வைக்கிற தரை வேலை முழங்காலையும் இடுப்பையும் கேட்கும். எது ஏற்கெனவே வலிக்கிறதோ அதைக் கேட்காத வழியைப் பாருங்கள்.

நான்காவது, குவில்ட் உடம்பில் எப்படிப் படிய வேண்டும் என்பது. தையல் நெருங்க நெருங்கப் போர்வை விறைப்பாகும். அரை அங்குலத்துக்கு ஒரு கோடு படத்தில் அழகாகத்தான் இருக்கும். போர்த்திக்கொண்டால் அட்டையைப் போர்த்தியதுபோல மேலே நிற்கும். சுவரில் தொங்கவிடுவதற்கு அது போதும், தூங்குவதற்குப் போதாது. சொந்தக் கட்டிலுக்கு என்றால் அடர்த்தியைக் குறைக்கச் சொல்லித்தான் எப்போதும் சொல்வேன். நேரம், நூல், வலி எல்லாமே அதோடு சேர்ந்து குறையும்.

கடைசியாகப் பணமும் நேரமும். இரண்டில் எது உங்களிடம் குறைவாக இருக்கிறது என்பதை மற்றவர்கள் சொல்ல முடியாது.

## மூன்று அடுக்கையும் சேர்ப்பது: கணக்கில் வராத வேலை

தையல் முறைகளை ஒப்பிடும்போது எல்லோரும் மறந்துவிடுகிற வேலை இது. அடித்துணி, பஞ்சு, மேல்துணி மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, தைத்து முடிக்கும்வரை நகராதபடி தற்காலிகமாகப் பிடிக்க வைக்க வேண்டும். குவில்ட்டை விட நாலு பக்கமும் கொஞ்சம் பெரிய தரை காலியாக வேண்டும். அடித்துணியை டேப் போட்டுத் தரையில் ஒட்டி, தட்டையாக இருக்கும் அளவுக்கு மட்டும் இழுக்க வேண்டும். ரப்பர்போல இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அது சுருங்கும், பின்பக்கம் முழுக்கக் கொசுவம் விழும்.

கைத்தையல் என்றால் நீளமான தையலால் 4 முதல் 6 அங்குலக் கட்டமாக ஓட்ட வேண்டும். ஊக்குகள், தைக்கும் இடத்தை விறைப்பாகப் பிடிக்கிற வளையத்தில் இடிக்கும், மாதக்கணக்கில் குத்தியே இருந்தால் துருக்கறையும் பிடிக்கலாம். வீட்டு மெஷின் என்றால் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு, அல்லது துவைத்தால் போய்விடும் ஸ்ப்ரே பசை. 90க்கு 100 அளவுக்கு 4 அங்குலத்துக்கு ஓர் ஊக்கு என்றால் 500க்கு மேல் வேண்டும். ஸ்ப்ரே வேகமானது, ஆனால் சன்னல்களைத் திறந்து வைத்துத்தான் அடிக்க வேண்டும், தரையிலும் படியும். லாங் ஆர்ம் சேவைக்கு, அதாவது பெரிய குவில்ட் மெஷின் வைத்துத் தைத்துக் கொடுப்பவர்களிடம், கொடுத்தால் இந்த வேலையே கிடையாது. மூன்று துணியையும் தனித்தனியாகவே கொடுக்க வேண்டும். அந்தச் சேவையின் கட்டணத்தில் உங்கள் முழங்காலுக்கான பங்கும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

## கைத்தையல்

கைத்தையல் என்றதும் பலர் மனதில் வருவது அங்குலத்துக்கு 8, 10 தையல் விழுகிற நுணுக்கமான வேலை. அதற்கான ஊசி சின்னது. 9, 10 எண் குட்டை ஊசிகள். நூல் மெழுகு பூசியதுபோல வழவழப்பாக, முறுக்காக இருக்கும். பழகிய கைகளுக்கே அது மெதுவான வேலை. முதல் பெரிய குவில்ட்டை இந்த முறையில் முடிக்க நினைப்பவர்களை நான் தடுக்க மாட்டேன். ஆனால் ஒரு முறை கணக்குப் பார்க்கச் சொல்வேன்.

அதைவிடக் கட்டில் குவில்ட்டுக்குப் பொருத்தமானது பெரிய தையல். 8 எண் பேர்ல் காட்டன் மாதிரித் தடித்த நூல், அது நுழையும் அளவுக்குப் பெரிய காதுள்ள ஊசி, அங்குலத்துக்கு 4 முதல் 6 தையல். கோணல் விழுந்தாலும் அதுவே அழகாகத் தெரியும். நூலின் நிறத்தையும் துணிக்கு மாறாக வைக்கலாம். ஒரு மீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று சிறு துண்டில் தைத்துப் பாருங்கள். 20 நிமிடம் என்றால் 114 மீட்டருக்கு 38 மணி நேரம். 4 அங்குல இடைவெளி என்றால் 19 மணி நேரம். மாலையில் அரை மணி நேரம் உட்காருகிறவருக்கு அது ஒன்றரை மாதத்துக்குள் முடிகிற வேலை. "முடியவே முடியாது" என்று நினைத்தது அவ்வளவுதான்.

நல்ல பக்கம் நிறைய இருக்கிறது. 14 முதல் 18 அங்குல வளையம் ஒன்று போதும், இயந்திரம் எதுவும் வேண்டாம். கை ஓட்டிய தையல் துணியை இறுக்காது. போர்வை மிருதுவாகவே இருக்கும். ஓரிடம் பிடிக்கவில்லை என்றால் அந்த ஒரு வரியை மட்டும் உருவிவிடலாம். பேசிக்கொண்டே, பாட்டுக் கேட்டுக்கொண்டே தைக்கலாம்.

மறைந்திருக்கிற செலவுகள் துணியிலும் பஞ்சிலும்தான். அடித்துணிக்கு நெருக்கமான நெசவுள்ள படுக்கை விரிப்பைப் பயன்படுத்தினால் ஊசி ஒவ்வொரு குத்துக்கும் மல்லுக்கு நிற்கும். பருத்திப் பஞ்சு விரிப்புகள் சிலவற்றில் நார்கள் பிரியாமல் இருக்க மெல்லிய வலைத்துணி சேர்த்திருப்பார்கள். மெஷினுக்கு அது நல்லது, கைக்குக் கஷ்டம். கம்பளிப் பஞ்சில் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். அப்புறம் மேல்துணியில் சின்னச் சின்னத் துண்டுகள் அதிகமென்றால் மூலைகளில் ஆறேழு மடிப்பு சேர்ந்து நிற்கும். அந்த இடங்களைத் தவிர்த்துக் கோட்டை அமைத்துக்கொள்ளுங்கள்.

குறியிடுவதையும் கவனிக்க வேண்டும். கைவேலை நீண்ட நாள் ஓடும் என்பதால் குறியும் துணியில் நீண்ட நாள் இருக்கும். தண்ணீரில் போகும் பேனாக் குறிமீது இஸ்திரிப் பெட்டி பட்டால் குறி நிலைத்துவிடலாம். சூட்டில் மறையும் பேனாவின் கோடு குளிரில் திரும்பவும் தெரியலாம். டேப்பை வாரக்கணக்கில் ஒட்டி வைத்தால் பசை தங்கும். மழுங்கிய முனையால் அழுத்தி மடிப்புத் தடம் போட்டுக்கொள்வதுதான் எனக்குப் பிடித்தது. வளையத்துக்குள் இருக்கிற பகுதிக்கு மட்டும் அவ்வப்போது போட்டுக்கொண்டால் போதும், கறைக்கு வழியே இல்லை.

கோடை உச்சத்தில் மடிமேல் மூன்றடுக்குப் போர்வையைப் போட்டுக்கொண்டு தைக்கிற சுகத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## வீட்டுத் தையல் மெஷின்

இங்கே பிரச்சினை தையல் திறமை அல்ல, இடம். ஊசிக்கும் மெஷினின் வலப்பக்க உடம்புக்கும் இடையே பெரும்பாலான வீட்டு மெஷின்களில் 6, 7 அங்குலம்தான் இருக்கும். 90 அங்குல அகலக் குவில்ட்டின் நடுக்கோட்டைத் தைக்கும்போது 45 அங்குலத் துணியும் பஞ்சும் சுருளாக அந்த இடைவெளிக்குள் உட்கார வேண்டும். மெல்லிய பருத்திப் பஞ்சு என்றால் உட்காரும். உயரமாக உப்பிய பாலியெஸ்டர் என்றால் உட்காராது. ஆகவே இந்த வழிக்கு முதல் நிபந்தனை மெல்லிய பஞ்சு.

இரண்டாவது நிபந்தனை மேசை. குவில்ட்டின் ஒரு முனை கீழே தொங்கினால் அந்தக் கனம் ஊசியை இழுக்கும். ஒரு தையல் பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் விழும், ஊசியும் உடையும். மெஷினுக்கு இடப்பக்கமும் பின்பக்கமும் மேசையோ, இஸ்திரி பலகையோ வைத்துக் கனத்தைத் தாங்கச் செய்யுங்கள். மெஷினைச் சுவரோரமாகத் திருப்பி வைத்தால் பின்பக்கம் துணி விழாது. புது மெஷின் வாங்க யோசிப்பவர்களிடம் முதலில் மேசையைச் சரி செய்யச் சொல்வேன். செலவே இல்லாமல் தையல் பாதி சீராகிவிடும்.

மூன்றாவது வாக்கிங் ஃபுட். ஃபுட் என்பது ஊசியடியில் துணியை அழுத்திப் பிடிக்கிற பாகம். சாதாரண ஃபுட்டில் அடியிலுள்ள பல்வரிசை அடித்துணியை மட்டும் முன்னே தள்ளும், மேல்துணி பின்தங்கும், கொசுவம் விழும். வாக்கிங் ஃபுட் மேலிருந்தும் சேர்த்துத் தள்ளும். 90/14 எண் ஊசி, 2.5 முதல் 3 மில்லிமீட்டர் தையல் நீளம். நேர்க்கோடு, லேசான அலைக்கோடு, இரண்டும் இதில் தாராளமாக வரும். பூ, இலை, சுழல் என்று வரைகிற ஃப்ரீ மோஷன் முறைக்குப் பல்வரிசையை இறக்கிவிட்டுத் துணியை நீங்களே நகர்த்த வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளச் சிறு துண்டுகள் இருக்கின்றன. கட்டில் குவில்ட் அதற்கான இடமில்லை. சின்ன மெஷினில் 9,000 சதுர அங்குலத்தை ஃப்ரீ மோஷனில் நிரப்புவது தோளுக்குச் செய்கிற துரோகம்.

தைக்கும் வரிசையும் முக்கியம். முதலில் நடுவில் ஒரு கோடு, அப்புறம் பெரிய கட்டங்களின் இணைப்புகளின்மேலேயே ஓடுகிற சில கோடுகள். குவில்ட் இப்படிப் பிடித்து நின்ற பிறகுதான் மற்றவை. ஒரு கோட்டை மேலிருந்து கீழ், அடுத்ததைக் கீழிருந்து மேல் என்று மாற்றி மாற்றித் தைத்தால் இரண்டுக்கும் நடுவில் துணி கோணலாக இழுபடும். எல்லாக் கோடுகளையும் ஒரே முனையிலிருந்து தொடங்குங்கள்.

இடம் போதவே இல்லை என்றால் ஒரு வித்தை இருக்கிறது. பஞ்சு விரிப்பை மட்டும் நீளவாக்கில் மூன்றாக, நேராக வெட்டாமல் நெளிவாக வெட்டுங்கள். மேல்துணியும் அடித்துணியும் முழுதாகவே இருக்கட்டும். நடுப்பகுதிப் பஞ்சை மட்டும் வைத்து முதலில் தையுங்கள். பக்கங்களில் வெறும் துணிதான் என்பதால் சுருள் மிகச் சின்னதாக இருக்கும். நடு முடிந்ததும் பக்கத்துப் பஞ்சை நெளிவுக்கு நெளிவு பொருத்தி, தொளதொளவென்று கையால் இணைத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் தைக்கலாம். நெளிவாக வெட்டியதால் இணைப்பு வெளியே கோடாகத் தெரியாது.

கூடுதல் செலவு என்று பார்த்தால் வாக்கிங் ஃபுட், ஊக்குகள் அல்லது ஸ்ப்ரே, ஊசிகள், பெரிய நூல் உருண்டை. பாபின்களை முன்கூட்டியே சுற்றி வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் நடுவில் பாபின் தீர்ந்தால் அந்தக் கனத்தை எடுத்துத் திரும்ப வைப்பதற்குள் பொறுமை போய்விடும். தையல் ஓடுவதென்னவோ சில மணி நேரம்தான். சுருட்டுவது, திருப்புவது, பிரித்து மறுபடி சுருட்டுவது, நேரமெல்லாம் இதில்தான் போகும்.

## லாங் ஆர்ம் சேவைக்குக் கொடுப்பது

லாங் ஆர்ம் மெஷினில் துணி அசையாது. நீண்ட சட்டத்தில் உருளைகளில் மூன்று அடுக்கும் சுற்றி நிற்கும், மெஷின்தான் அதன்மேல் நகரும். ஒரே வடிவம் ஓரத்திலிருந்து ஓரம்வரை திரும்பத் திரும்ப வருவது மலிவான வகை. கட்டத்துக்குக் கட்டம் தனி வடிவம் போடுவது விலை கூடியது. பெரும்பாலும் சதுர அங்குலக் கணக்கில் கட்டணம். உங்கள் 9,000ஐ அவர்கள் சொல்கிற விகிதத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். நூல், பஞ்சு, அடித்துணியை ஒட்டுப்போடுவது, இஸ்திரி போடுவது தனிக் கட்டணமா என்று முதலிலேயே கேளுங்கள். குறைந்தபட்சக் கட்டணமும் காத்திருப்பு வரிசையும் உண்டு.

அடித்துணி நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். நம் கணக்கில் அது 98க்கு 108 அங்குலம். 44 அங்குல அகலத் துணியில் ஓரம் போக 42 அங்குலம் கிடைக்கும். மூன்று துண்டு இணைக்க வேண்டும். இணைப்பு நீளவாக்கில் வந்தால் 108 அங்குலத் துண்டுகள் மூன்று, சுமார் 8.2 மீட்டர். குறுக்கில் வந்தால் 98 அங்குலத் துண்டுகள் மூன்று, சுமார் 7.5 மீட்டர். திசையை மாற்றினாலே முக்கால் மீட்டர் மிச்சம். மூலைகள் சதுரமாக இல்லாத அடித்துணி உருளையில் கோணலாக ஏறும், ஆகவே வெட்டுவதில் அவசரம் வேண்டாம்.

பலர் நினைப்பதற்கு மாறாக, மேல்துணியின் குறையை லாங் ஆர்ம் மறைத்துவிடாது. பார்டரை அளக்காமல் தைத்து அலை அலையாக விட்டிருந்தால், அந்த உபரித் துணி எங்கேயாவது மடிந்துதான் விழும். கொடுப்பதற்கு முன் நடுவிலும் இரண்டு ஓரத்திலும் அளந்து பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். அடர்த்தியையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "போர்த்திக்கொள்ளப்போகிறேன், தளர்வான வடிவம் போதும்." சொல்லாவிட்டால் நெருக்கமாக நிரப்பிக் கொடுக்கக்கூடும்.

"அப்புறம் அது என் வேலைதானா?" என்ற கேள்விக்கு என் பதில்: துணி தேர்ந்தது, நிறம் பொருத்தியது, ஆயிரம் துண்டுகளை இணைத்தது எல்லாம் யார்? அலமாரியில் இதே மாதிரி மூன்று மேல்துணி கிடக்கிறது என்றால், பெரியதைக் கொடுத்துவிட்டுச் சின்னதை உங்கள் கையால் முடியுங்கள்.

## முடிச்சுப் போடுவது

இதற்குரிய மரியாதையைக் கொடுப்பவர் குறைவு. தடித்த நூலை மூன்று அடுக்கிலும் இறக்கி ஏற்றி, இரட்டை முடிச்சுப் போட்டு, அரை அங்குல வால் விட்டு வெட்டுகிறோம். அவ்வளவுதான். 4 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு என்றால் 90க்கு 100 அளவுக்குச் சுமார் 550 முடிச்சு வரும். 6 அங்குலம் என்றால் 240, 250. முடிச்சுக்கு ஒரு நிமிடம் என்றால் 4 முதல் 9 மணி நேரம். ஒரு வார இறுதி.

மெஷினில் நுழையாத, வளையத்தில் அடங்காத உப்பிய பஞ்சுக்கு இதுதான் சரியான வழி. தையல் அமுக்காததால் உப்பல் அப்படியே நிற்கும், நல்ல கதகதப்பு. ஆனால் பஞ்சு அதிக இடைவெளியைத் தாங்குகிற வகையாக இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை துவைக்கிற போர்வைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்: முடிச்சு விழுகிற புள்ளியில் எல்லா இழுப்பும் சேர்வதால் மெல்லிய துணி அங்கே கிழியும். நுனி நூலை மென்று பார்க்கிற குழந்தையும் பூனையும் உள்ள வீட்டிலும் யோசிக்கலாம்.

## பகுதி பகுதியாகத் தைத்து இணைப்பது

மேல்துணியை இன்னும் முழுதாக இணைக்கவில்லை என்றால் மட்டும் படியுங்கள். 30 அங்குல அகலமும் 100 அங்குல நீளமுமாக மூன்று பட்டைகள் செய்து, ஒவ்வொன்றையும் பஞ்சும் அடித்துணியும் வைத்துத் தனியாகத் தைத்துவிட்டுக் கடைசியில் இணைக்கலாம். சின்ன மெஷினுக்கும் சின்ன வீட்டுக்கும் இதைவிட வசதியான முறை இல்லை. இணைக்கிற ஓரங்களில் 2 அங்குலம் தைக்காமல் விட வேண்டும். மேல்துணிகளை மெஷினில் இணைத்து, பஞ்சு முட்டிக்கொள்ளும்படி வெட்டி, அடித்துணியை மடித்துக் கையால் மறைதையல் போட வேண்டும். இரண்டு இணைப்பு, ஒவ்வொன்றும் 100 அங்குலம். அது பெரிய விஷயமில்லை. சின்னச் சதுரங்களாகப் பிரித்தால் இணைப்புகள் பெருகி, முன்னும் பின்னும் கூடுதல் பட்டைத்துணி வாங்க வேண்டிவரும், இணைப்புக்கு இணைப்பு தடிப்பும் வரும். பட்டைகள் குறைவாக இருப்பதே நல்லது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | பொருத்தமான பஞ்சு | அடுக்கு சேர்ப்பது | கேட்கிற உடல் உழைப்பு | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| கைத்தையல் (பெரிய தையல்) | கம்பளி, வலைத்துணி இல்லாத பருத்தி | நீளத் தையல் | விரல், கண் | நாட்கள் |
| வீட்டு மெஷின் | மெல்லிய பருத்தி அல்லது கலப்பு | ஊக்கு, ஸ்ப்ரே | தோள், கழுத்து | மேசை, வாக்கிங் ஃபுட் |
| லாங் ஆர்ம் | ஏறக்குறைய எல்லாமே | தேவையில்லை | இல்லை | கூடுதல் அடித்துணி, காத்திருப்பு |
| முடிச்சு | உப்பிய பாலியெஸ்டர் | கொஞ்சம் ஊக்கு | குறைவு | அடிக்கடித் துவைத்தால் கிழிசல் |
| பகுதி பகுதி | மெல்லியது | சின்ன மேசையே போதும் | குறைவு | இணைப்பு வேலை, பட்டைத்துணி |

## கலந்து செய்வது

ஐந்தில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எனக்குப் பிடித்த கலவை இது: பெரிய கட்டங்களின் இணைப்புகளின்மேல் மட்டும் மெஷினில் ஓட்டிவிட்டு, கண்ணில் படுகிற நடுப்பகுதிகளைப் பெரிய தையலால் கையால் நிரப்புவது. பலத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும், அழகைக் கை பார்த்துக்கொள்ளும், நேரமும் பாதியாகும். இணைப்புகள் ஏற்கெனவே பிடித்து நிற்பதால் கைவேலையை நடுவிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் போய்விடும். பிடித்த கட்டத்தை முதலில் தைக்கலாம்.

இன்னொன்று அதிகம் பேருக்குத் தெரியாது. லாங் ஆர்ம் வைத்திருக்கிற சிலர், மூன்று அடுக்கையும் நீளத் தையலால் தற்காலிகமாகச் சேர்த்து மட்டும் கொடுப்பார்கள். முழுத் தையலைவிடக் கட்டணம் குறைவு. தரையில் தவழ்கிற வேலை முடிந்துவிடும், மற்றதை வீட்டில் கையால் தைக்கலாம். முழங்கால் வலி இருந்தும் கைத்தையல்தான் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

## யாருக்கு எது?

இந்தக் குளிருக்குள் போர்த்திக்கொள்ள வேண்டும், கையில் பணமும் இருக்கிறது: லாங் ஆர்ம். ஆனால் வரிசை எவ்வளவு நீளம் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள், குளிர் போய்விடலாம். பணம் இல்லை, அவசரம் இருக்கிறது: முடிச்சு, அல்லது 4 அங்குல இடைவெளியில் மெஷினில் நேர்க்கோடு. துவைப்பு அதிகம் என்றால் கோடு, உப்பிய பஞ்சு என்றால் முடிச்சு. அவசரம் இல்லை, மாலையில் கைக்கு ஒரு வேலை வேண்டும்: பெரிய தையல், சந்தேகமே வேண்டாம். வளர்ப்புப் பிராணியோ சின்னக் குழந்தையோ கட்டிலில் ஏறுகிற வீடு, அடிக்கடி துவைக்க வேண்டும்: மெஷின் தையல், வீட்டிலோ வெளியிலோ. மேல்துணியே இன்னும் துண்டுகளாக இருக்கிறது, வீடும் சின்னது: மூன்று பட்டை.

எந்த வழியானாலும் ஓரத்தை மூடிச் சுற்றிலும் தைக்கிற ஓரப்பட்டை வேலை உங்கள் தலையில்தான் விழும். லாங் ஆர்மில் கொடுத்தாலும் பெரும்பாலும் ஓரம் தைக்காமல்தான் திரும்பி வரும். சுற்றளவு 380 அங்குலம். மூலைத் திருப்பத்துக்கும் இணைப்புக்கும் சேர்த்து 15 அங்குலம் கூட்டினால் 395. இரண்டரை அங்குல அகலப் பட்டைகள், ஒன்றுக்கு 40 அங்குலம் வீதம் 10 போதும் போதாமல் இருக்கும், 11 வெட்டுங்கள். அதற்கு 27.5 அங்குலத் துணி, அதாவது முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பட்டைகளைச் சாய்வாக இணைத்தால் மடிப்பு ஒரே இடத்தில் தடிக்காது. முன்பக்கம் மெஷினில், பின்பக்கம் கையால் என்பது வழக்கம். அடிக்கடி துவைக்கிற போர்வை என்றால் இரண்டு பக்கமும் மெஷினிலேயே ஓட்டிவிடுங்கள். கட்டிலில் முதலில் தேய்ந்துபோவது முகத்துக்குப் பக்கத்து ஓரம்தான். அதை மாற்றுவதற்கு அதே துணியில் இரண்டு, மூன்று பட்டை கூடுதலாக வெட்டி எடுத்து வையுங்கள்.